மதெரஸ்பதென்சிஸ்: ஒரு பெயரடையைப் பிரித்துப் படித்தல்

மதெரஸ்பதென்சிஸ். ரோமன் லிபியில் 15 எழுத்து, தமிழில் 9 எழுத்து. தாவரவியல் புத்தகங்களில் சாய்வெழுத்தில், இன்னொரு சொல்லின் வாலாக வரும் பெயரடை இது. கிராமத்துப் பல்லுயிர்ப் பதிவேட்டு வேலையில் இறங்கியிருக்கும் நண்பர்கள் சிலர் இந்த மாதிரிச் சொற்கள் வரும் பத்தியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். கேட்டால், 'வாயில நுழையாத பேருங்க, ஆபீசர் வந்து எழுதிக்கட்டும்' என்கிறார்கள். வாயில் நுழையாத அளவுக்கு இந்தச் சொல் கடினமானதா, அல்லது இதற்குள் நுழைய நமக்கு உரிமையில்லை என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோமா என்பதே என் கேள்வி. ஆகவே இச்சொல்லை அசை அசையாகவும் உறுப்பு உறுப்பாகவும் பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதன் அரசியல் பிரிக்கும்போதே வெளியே வரும்.

முதலில் இது யாருடைய பெயர் என்று பார்த்துவிடுவோம். நாம் மேலாநெல்லி என்று சொல்லும் செடி, ஃபில்லாந்தஸ் மதெரஸ்பதென்சிஸ். இதே ஊர்ப்பெயர் வேறு விகுதியோடு இன்னொரு செடியிலும் ஒட்டியிருக்கிறது. சளிக்கு அடையும் தோசையும் சுட்டுச் சாப்பிடுகிறோமே, அந்த முசுமுசுக்கை, நெடுங்காலம் முகியா மதெரஸ்பதானா என்று எழுதப்பட்டது. முதற்சொல் பேரினம், இரண்டாவது அதன் அடை. தமிழில் அடை முன்னால் வரும், பெயர் பின்னால் வரும். இங்கே தலைகீழ். அவ்வளவுதான்.

இனி அசை. லத்தீனில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்பது கணக்கு. ம-தெ-ரஸ்-ப-தென்-சிஸ், ஆக 6 அசைகள். நம் யாப்பிலக்கணத்தின்படி அலகிட்டால் கணக்கு மாறும். நாம் இரண்டு குறில்களைச் சேர்த்து ஒரே நிரையாக்குகிறவர்கள். மதெ நிரை, ரஸ் நேர், பதென் நிரை, சிஸ் நேர். 6 ஒலியசைகள் 4 யாப்பசைகளாகச் சுருங்கி, புளிமா புளிமா என்று இரண்டு சீர்களாக நின்றுவிடுகின்றன. வெண்பா எழுதிப் பழகிய எவருக்கும் இந்த வாய்பாடு அந்நியமானதல்ல. வாயில் நுழையாது என்று சொல்லப்பட்ட சொல், நாம் தினமும் உச்சரிக்கும் நடையில்தான் நடக்கிறது.

அழுத்தம் எங்கே விழும்? இதற்கும் லத்தீனில் எளிய விதி உண்டு. ஈரசைச் சொல்லில் முதலசையில் அழுத்தம். மூவசையும் அதற்கு மேலும் இருந்தால் ஈற்றயல் அசையைப் பார்க்க வேண்டும். அது நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அங்கேயே நிற்கும். இல்லையென்றால் ஓரசை முன்னே போகும். மதெரஸ்பதென்சிஸில் ஈற்றயல் 'தென்', மெய்யில் முடிகிறது. அழுத்தம் அதன் மேல். மதெரஸ்பதானாவில் ஈற்றயல் 'தா', நெடில், அங்கும் அப்படியே. முருங்கையின் பெயரான மொரிங்கா ஒலெயிஃபெராவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஒ-லெ-யி-ஃபெ-ரா என்று 5 அசைகள். ஈற்றயலான 'ஃபெ' வெறும் குறில், எனவே அழுத்தம் முன்னேறி 'யி'யின் மேல் ஏறுகிறது. நெடிலும் ஒற்றடுத்த குறிலும் ஒரு தட்டு, தனிக்குறில் இன்னொரு தட்டு என்ற பாகுபாடு யாப்பு தெரிந்தவருக்குப் புதிதல்ல. விதி முழுவதும் இவ்வளவே. இதற்கு ஒரு பட்டப்படிப்பு தேவையில்லை.

ஆனால் உச்சரிப்பு என்பது எப்போதும் விதியைப் பற்றிய விஷயமாக மட்டும் இருப்பதில்லை. நான் படித்த கல்லூரியில், கிராமத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் இத்தகைய பெயரொன்றைத் தட்டுத் தடுமாறிப் படித்தபோது வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் செடியை வயல் வரப்பில் பத்தடி தள்ளி நின்றே அடையாளம் காட்டக்கூடியவர் அந்த மாணவர் ஒருவர்தான். அவர் அதன்பின் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அங்கே சிரிக்கப்பட்டது லத்தீன் தவறிப்போனதற்காக அல்ல, ஆங்கில வாடை போதாமல் போனதற்காக. ஏனென்றால் லத்தீன் இன்று யாருக்கும் தாய்மொழியல்ல. அதைப் 'பிழையாக' உச்சரிப்பதைக் கேட்டு முகம் சுளிக்க எந்த ஊரிலும் ஒரு பாட்டி இல்லை. இங்கிலாந்துத் தாவரவியலாளர் பழைய ஆங்கில மரபில் ஒரு மாதிரி சொல்கிறார். செவ்வியல் லத்தீன் பயின்றவர் வேறு மாதிரி சொல்கிறார். ஜெர்மானியரும் இத்தாலியரும் அவரவர் வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். இத்துறையின் பெருநூலான 'பொட்டானிக்கல் லத்தீன்' நூலை 1966இல் வெளியிட்ட வில்லியம் ஸ்டேர்ன், கேட்பவருக்கு விளங்கவும் காதுக்கு இசைவாக இருக்கவும் வேண்டும் என்பதுதான் முக்கியம் என்ற நிலைப்பாட்டையே எடுக்கிறார். சர்வதேசப் பெயரீட்டு விதித்தொகுப்பு எழுத்துக்கூட்டலைக் கறாராகக் கண்காணிக்கிறது. உச்சரிப்பில் அது தலையிடுவதில்லை.

இந்தச் சுதந்திரத்தை நாம் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். அதற்குச் சொல்லின் உறுப்புகளைப் பார்க்க வேண்டும். பகுதி, விகுதி என்று நன்னூல் வழியிலேயே பிரிக்கலாம். விகுதி 'என்சிஸ்'. ஓர் இடத்துக்கு உரியது, ஓர் இடத்திலிருந்து வந்தது என்று பொருள். 'அனுஸ், அனா, அனும்' என்ற விகுதியும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்வது. தமிழில் பெயரடை எந்தப் பாலோடும் ஒட்டும்: நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம். லத்தீனில் அடை தன் பெயரின் பாலுக்கேற்ப மாறவேண்டும். முகியா பெண்பால், எனவே மதெரஸ்பதானா. குக்குமிஸ் ஆண்பால், எனவே மதெரஸ்பதானுஸ். 'என்சிஸ்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இரண்டுமல்லாத பாலுக்கு 'என்சே' ஆகும்.

விகுதியைக் கழற்றினால் மிஞ்சுவது 'மதெரஸ்பத்'. இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மதராசபட்டணம்! லத்தீன் என்று நாம் பயந்த சொல்லின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பது நம் பட்டணம்தான். நாவை மடித்துச் சொல்லும் 'ட்ட' ஐரோப்பியக் காதில் விழாமல் ஒற்றைத் தகரமாகிவிட்டது. 'என்சிஸ்' வந்து ஒட்டியதில் 'ணம்' உதிர்ந்துபோனது. மதெரஸ்பதானாவை எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 'பத்' என்பதோடு 'ஆனா' சேர்ந்தது என்று கொண்டால் பட்டணம் பாதியில் அறுபடுகிறது. 'பதன்' என்பதோடு வெறும் 'ஆ' சேர்ந்தது என்று கொண்டால் முழுப் பட்டணமும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. எப்படி வெட்டினாலும் பகுதி நம்முடையது. அப்படியிருக்க 'மதராஸ்பட்டென்சிஸ்' என்று ட்டகரத்தை மீட்டு உச்சரித்தால் என்ன கெட்டுவிடும்? அப்போதும் 6 அசைதான். அழுத்தமும் 'டென்' மேல்தான். எழுத்துக்கூட்டலில் கைவைக்கவும் இல்லை. இதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

ஆனால் பகுதி நம்முடையது என்று மார்தட்டுவதோடு நிறுத்திக்கொள்வது, நம் சூழலில் அடிக்கடி நடக்கிற ஒரு சோம்பேறித்தனம். நம் ஊரின் பெயர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசபட்டணத்தில் கோட்டை கட்ட இடம் பெற்றது. அந்த நூற்றாண்டின் கடைசியில் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்தவர் சாமுவேல் பிரவுன். அவருக்குப் பின் அப்பணிக்கு வந்தவர் எட்வர்ட் பல்க்லி. இருவரும் இங்குள்ள செடிகளை உலர்த்தி லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே மருந்து வணிகரான ஜேம்ஸ் பெட்டிவர், பிரவுன் அனுப்பியவற்றை விவரித்து 1698 தொடங்கி ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். அந்தப் பக்கங்களில் 'மலபார்' பெயர்கள் என்று ஒரு வரிசை வருகிறது. மலபார் என்று அன்றைய ஐரோப்பியர் சொன்னது பெரும்பாலும் தமிழைத்தான். அதாவது, செடியோடு கூடவே அதன் தமிழ்ப் பெயரும், அது எதற்கு மருந்து என்ற தகவலும் கப்பலேறின. பெயர் சொன்னவர்கள் யார்? வைத்தியர்களா, பச்சிலை பறித்து விற்றவர்களா, கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரத்தில் கூலிக்கு இருந்தவர்களா? அவர்கள் அந்த ஏட்டில் 'மலபார்' என்ற ஒற்றைச் சொல்லாக நிற்கிறார்கள். அதே காலத்தில் லண்டனில் லெனார்ட் புளூக்னெட் என்ற தாவரவியலாளர் தன் பெரும் படநூல்களில், இங்கிருந்து வந்த செடிகளுக்கு வாக்கியம் போன்ற நீண்ட லத்தீன் பெயர்களைச் சூட்டும்போது 'மதராசபட்டணத்து' என்ற அடையைத் தாராளமாகப் பயன்படுத்தினார்.

பிறகு லின்னேயஸ் வருகிறார். கிரேக்கத்திலோ லத்தீனிலோ வேர் இல்லாத பேரினப் பெயர்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது 1751இல் வெளியான அவருடைய 'ஃபிலாசஃபியா பொட்டானிக்கா'வில் ஒரு விதி. 1753இல் அவர் 'ஸ்பீசியஸ் பிளான்டாரும்' நூலை வெளியிட்டபோது ஒவ்வொரு செடிக்கும் ஒற்றைச் சொல் அடையைப் பக்கத்தின் ஓரத்தில் அச்சிட்டார். மதெரஸ்பதென்சிஸும் மதெரஸ்பதானுஸும் அப்படி ஓரத்தில் வந்து குந்தியவைதான். பேரினம் என்ற முதல் நாற்காலி கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும். நம் பட்டணத்துக்கு விளிம்பு. அந்த விளிம்புச் சொல்தான் பின்னாளில் பெயரின் பிரிக்கமுடியாத பாதியானது என்பது வரலாற்றின் ஒரு குறும்பு. விதியும் முழுசாக நிற்கவில்லை. முகியா என்ற பேரினப் பெயர், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ரீடேயின் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் 'முக்கா-பிரி' என்று பதிவான மலையாளப் பெயரிலிருந்து வந்தது. மொரிங்கா நம் முருங்கையேதான். ஆக முகியா மதெரஸ்பதானா என்பதில் முன்பாதி மலையாளம், பின்பாதி தமிழ். லத்தீன் என்று அதில் இருப்பது வால் மட்டும்தான்! இந்த விநோதக் கூட்டு 2007இல் முடிவுக்கு வந்தது. மரபணு ஆய்வின்படி முசுமுசுக்கை வெள்ளரியின் பேரினத்துக்குள் அடங்கும் என்று கண்டு, லின்னேயஸ் வைத்த குக்குமிஸ் மதெரஸ்பதானுஸ் என்ற பெயருக்கே திரும்பிவிட்டார்கள். மலையாளப் பாதி போயிற்று. பட்டணம் மட்டும் பால் மாறி நிற்கிறது.

மிஷேல் ஃபூக்கோ 1966இல் வெளியான 'சொற்களும் பொருட்களும்' நூலில், செவ்வியல் காலத்து இயற்கை வரலாறு என்பது கண்ணுக்குத் தெரிவதற்குப் பெயரிடும் செயல் என்று வாதிடுகிறார். ஃபூக்கோவை இங்கே பலரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் நம் பெயரடை அந்த வாதத்துக்குள் முழுசாக அடங்குவதில்லை. ஒலெயிஃபெரா என்றால் எண்ணெய் தருவது. விதையைப் பிழிந்தால் தெரியும். ஃபில்லாந்தஸ் என்பதில் 'இலை', 'பூ' என்று இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. இலைபோலத் தோன்றும் சிறுகிளையின் நெடுகப் பூ வருவதைப் பார்த்தால் தெரியும். கீழாநெல்லி என்ற நம் பெயரும் அதே பார்வையில் பிறந்தது. இலைக்குக் கீழே நெல்லி. இந்த இடத்தில் கிரேக்கமும் தமிழும் ஒரே மாதிரி குனிந்து பார்த்திருக்கின்றன. ஆனால் மதெரஸ்பதென்சிஸ்? செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதில் மதராஸ் தெரியாது. ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, இந்தியா வழியாக ஆஸ்திரேலியா வரை வளரும் செடி அது. இந்த அடை செடியின் உடலைச் சொல்லவில்லை. அது கப்பலேறிய துறைமுகத்தைச் சொல்கிறது. சரக்கு மூட்டையின் மேல் குத்திய முத்திரை என்றும் இதைச் சொல்லலாம்.

இங்கே ஒரு நண்பர் கேட்கக்கூடும்: 'ஏன், நாம மட்டும் என்ன பண்றோம்?' நியாயமான கேள்வி. தென்னமெரிக்காவில் பிறந்த கடலைக்கு வட மாவட்டங்களில் மணிலாக்கொட்டை என்று பெயர். சொல் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. மணிலாவும் ஒரு துறைமுகம்தான். பறங்கிக்காயில் பறங்கி இருக்கிறான். அக்கரையிலிருந்து வந்ததற்கெல்லாம் 'சீமை' என்ற ஒரே அடையைப் போட்டுச் சீமைக்கருவேல், சீமையகத்தி என்றோம். ஆக, வந்த வழியால் ஒன்றுக்குப் பெயரிடுவதில் ஐரோப்பியரின் தனிக்குற்றம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. மல்லாட்டை என்று சொல்வதால் வேர்க்கடலையோ நிலக்கடலையோ செத்துப்போவதில்லை. மூன்றும் சந்தையில் ஒன்றாகப் புழங்குகின்றன. தாவரவியல் விதித்தொகுப்போ ஒரு செடிக்குச் செல்லுபடியாகும் பெயர் ஒன்றுதான் என்கிறது. முதலில் முறைப்படி வெளியிடப்பட்டதற்கே முன்னுரிமை என்கிறது. பொருந்தவில்லை என்ற காரணத்தால் மட்டும் ஒரு பெயரைத் தள்ள முடியாது என்கிறது. மால்வாஸ்ட்ரும் கொரொமண்டெலியானும் என்றொரு களை நம் சாலையோரங்களில் கிடக்கிறது. கொ-ரொ-மண்-டெ-லி-யா-னும், 7 அசை. உள்ளே சோழமண்டலக் கரை. அந்தச் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம்! பெயர் பொய் சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பெயர் நிற்கிறது. 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது. மதெரஸ்பதென்சிஸில் ஒரு புள்ளிகூட நகரவில்லை. அதிகாரம் துறைமுகத்தின் பெயரில் இல்லை. 'இது ஒன்றுதான் பெயர்' என்பதில் இருக்கிறது.

அந்த ஒன்றேயொன்று நிரந்தரமானது என்றும் இனிச் சொல்ல முடியாது. 2024 ஜூலையில் மாட்ரிடில் கூடிய தாவரவியல் மாநாட்டில், தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள்மீது வீசப்பட்ட வசைச்சொல்லைக் கொண்ட 'காஃப்ரா' வகை அடைகளை 'ஆஃப்ரா' என்று மாற்ற வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். ஒற்றை முதலெழுத்தை நீக்கியதில் 200க்கு மேற்பட்ட பெயர்கள் மாறின. மரபுக்காக எதையும் தொடக்கூடாது என்று வாதிட்டவர்களும் அங்கே இருந்தார்கள், தோற்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் ஊர்ப் பருந்து. ஆங்கிலப் பறவை நூல்கள் நெடுங்காலம் அதற்கு வைத்திருந்த பெயரில் ஒரு தமிழ்ச் சாதியின் பெயர் 'இழிந்தது' என்ற பொருளில் ஒட்டியிருந்தது. தெருநாய்க்கும் அதே அடைதான். அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்த ஆங்கிலேயருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று யோசித்தால், பெயரீட்டு அரசியலில் கப்பல்காரன் மட்டும் குற்றவாளியல்ல என்பது விளங்கும். அடைமொழியைக் கட்டுடைக்கிறவன் தன் வீட்டு அடைமொழிகளையும் எடுத்து மேசைமேல் வைக்கவேண்டும்.

அப்படியென்றால் லத்தீன் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு 'மண்ணின் பெயர்' போதும் என்று சொல்லலாமா? எனக்கு அதில் சம்மதமில்லை. கீழாநெல்லி, மேலாநெல்லி என்ற பெயர்கள் பார்வையின் கூர்மையைக் காட்டுகின்றன, உண்மை. ஆனால் ஊருக்கு ஊர், கைக்குக் கை அவை வேறு வேறு செடிகளைச் சுட்டுகின்றன. தென்னிந்திய மருந்துச்சரக்குக் கடைகளில் விற்ற கீழாநெல்லியை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வொன்று, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபில்லாந்தஸ் இனங்கள் கலந்திருப்பதைக் கண்டது. மஞ்சள் காமாலைக்கு மருந்து வாங்குகிறவருக்கு இது வெறும் சொல்லாடல் பிரச்சினை அல்ல. மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995இல் கொடுக்கப்பட்ட காப்புரிமை 1997இல் உடைக்கப்பட்டபோதும், இது எங்கள் ஊரில் முன்பே தெரிந்த விஷயம் என்று ஏடுகளைக் காட்டித்தான் வழக்காட வேண்டியிருந்தது. ஏட்டில் உள்ள செடியும் காப்புரிமையில் உள்ள செடியும் ஒன்றே என்று நிறுவ, இரண்டு பெயர்களும் ஒரே வரியில் இருந்தாக வேண்டும். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் எழுதப்படும் மக்கள் பதிவேட்டில் உள்ளூர்ப் பெயருக்கும் அறிவியல் பெயருக்கும் பத்திகள் இருக்கின்றன. அறிவியல் பெயர்ப் பத்தியை ஆபீசருக்கு விட்டுவிட்டால், எந்தச் செடியைப் பற்றி நம் ஊர் பேசியது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்து அவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

எனவே தோழர்கள் செய்யக்கூடியது இது. அந்தப் பத்தியை நாமே நிரப்புவோம். நிரப்புமுன் சொல்லை அசை பிரித்து வாய்விட்டுச் சொல்வோம். பகுதியையும் விகுதியையும் கழற்றிப் பார்ப்போம். செடியின் உடலைச் சொல்லும் அடை எது, சரக்கு முத்திரை எது, வசை எது என்று இனம் பிரிப்போம். எழுத்துக்கூட்டலில் கறாராக இருப்போம். ஓரெழுத்து பிசகினால் வேறு செடியாகிவிடக்கூடும். உச்சரிப்பில் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பெட்டிவரின் ஏட்டில் விட்டுப்போன ஒன்றும் இருக்கிறது. உள்ளூர்ப் பெயரை எழுதும்போது, சொன்னவர் சம்மதித்தால், யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தெரு என்பதையும் பக்கத்தில் எழுதுவோம். மதராசபட்டணத்தில் யாரோ ஒருவர் ஒரு கொடியைக் கையில் எடுத்து, சுணை உறுத்த, அதன் பெயரை ஒரு வெள்ளைக்கார மருத்துவரிடம் சொன்னார். அந்த ஊரின் பெயர் 6 அசையில் உலகமெங்கும் ஒலிக்கிறது. அவர் பெயருக்கு ஓர் அசைகூட மிஞ்சவில்லை.